பாடத்தின் முடிவில் தொடங்கும் சிந்தனை: நடுநிலைப் பள்ளி அறிவியல் வகுப்பில் திறனாய்வுச் சிந்தனை – தாம்பரம், தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் அறிவியல் கல்வி கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை மாற்றியமைக்கப்பட்டுள்ளது. படைப்பாற்றல் கல்வி, முப்பருவ முறை, 2018–19ஆம் ஆண்டுகளின் புதிய பாடநூல்கள், வானவில் மன்றம் ஆகிய ஒவ்வொன்றும் மனப்பாடத்தைக் குறைத்து மாணவரைச் சிந்திக்கச் செய்வதையே நோக்கமாக அறிவித்தது. அந்நோக்கம் வகுப்பறையில் எவ்வடிவம் பெறுகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சிந்தனையைப் பாடத்தின் இறுதியில் ஒரு வினாவகையாக ஒதுக்கியதே அடிப்படைக் குறை என்பது இதன் கருதுகோள். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, முடிச்சூர் முதலிய பகுதிகளின் நிழல், நீர், வெள்ளம் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டும், மத்தியப் பிரதேசத்தின் கோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துடன் ஒப்பிட்டும் இக்கருதுகோள் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திறனாய்வுச் சிந்தனை, நடுநிலைப் பள்ளி, அறிவியல் பாடநூல், தாம்பரம், ஏது, மதிப்பீடு, கோசங்காபாத்.

முன்னுரை

1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தின் சரளைக்கல் குழி ஒன்றில் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்பும் அக்குழியில் வேலை செய்தோர் அத்தகைய கற்களைக் கண்டிருப்பர். பூட் கண்டது கல்லோடு ஒரு வினாவையும் சேர்த்து: இஃது இயற்கையாக உடைந்ததா, மனிதக் கை உடைத்ததா?

அந்த வினாவை எழுப்பும் ஆற்றலை 11 முதல் 13 வயதுள்ள மாணவரிடம் வளர்ப்பதே நடுநிலைப் பள்ளி அறிவியலின் தலையாய பணி. அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் இதனைச் சேர்த்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை ஆகியவை பல செய்திகளில் வேறுபடினும் மனப்பாடக் கல்வி போதாது என்பதில் வேறுபடவில்லை. கொள்கையளவில் மறுப்போர் இல்லாத ஒரு நோக்கம் நடைமுறையில் ஏன் மெலிகிறது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வாய்வுக்குத் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் களமாகக் கொள்ளப்படுகின்றன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் அருகிலிருந்த பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஏரிகள் மனைகளாக மாறிய வரலாறும், கிணறு, ஆழ்துளைக் குழாய், லாரி, கேன் என நால்வகைத் தண்ணீரும் ஒரே தெருவில் புழங்கும் நிகழ்காலமும் இப்பகுதிக்கு உண்டு. அறிவியல் வினாக்களுக்கு இங்குப் பஞ்சமில்லை. அவை வகுப்பறைக்குள் நுழைகின்றனவா என்பதே கேள்வி.

சொல்லும் பொருளும்

இச்சிந்தனையைக் குறிக்கத் தமிழில் விமர்சனச் சிந்தனை, திறனாய்வுச் சிந்தனை, நுண்ணாய்வுச் சிந்தனை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. விமர்சனம் என்பது பேச்சு வழக்கில் குறைகூறலைச் சுட்டுகிறது. ‘ஆசிரியரை விமர்சிக்கும் மாணவன்’ என்ற தொடர் பாராட்டாக ஒலிப்பதில்லை. திறனாய்வு இலக்கியத் துறையில் வேரூன்றிய சொல்லாயினும் ஒன்றன் திறத்தை ஆய்ந்து மதிப்பிடுதல் என்னும் பொருள் இங்குப் பொருந்துவதால் இக்கட்டுரை அதனை ஆள்கிறது. ஒரு கூற்றை ஏற்கும் முன்னரோ மறுக்கும் முன்னரோ அதற்கான சான்று யாது, அச்சான்று கூற்றைத் தாங்குமா, வேறு விளக்கம் இயலுமா என வினவுதல் என்பதே இதன் பொருள். ஜான் டூயி 1910இல் பயன்சிந்தனையை விளக்கியபோதும், ஸ்டீபன் தூல்மின் 1958இல் வாதத்தின் உறுப்புகளாகக் கூற்று, தரவு, இரண்டையும் இணைக்கும் நியாயம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டியபோதும் வலியுறுத்தியது இதனையே.

இது மேலைநாட்டு இறக்குமதி என்ற எண்ணம் தமிழ் மரபை அறியாமையால் எழுவது. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையில் அறவண அடிகள் அளவை நெறியை மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். நிறுவவேண்டிய கூற்றாகிய பக்கம், அதற்குரிய காரணமாகிய ஏது, எடுத்துக்காட்டாகிய திட்டாந்தம் ஆகியவற்றோடு அவற்றின் போலிகளும் அங்கே விரிவாக வகுக்கப்படுகின்றன. சரியான காரணத்தைப் போலவே தோன்றித் தவறாக முடியும் காரணத்தை அடையாளம் காணப் பயிற்றுவதற்கே அவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது. பூட்டின் கண்டுபிடிப்பையும் இவ்வடிவில் அமைக்கலாம். இக்கல் ஒரு கருவி என்பது பக்கம். செதுக்கிய தழும்புகள் ஒழுங்காக அமைந்துள்ளமை ஏது. ஐரோப்பாவில் சொம் ஆற்றுப்படுகையில் கிடைத்த கற்கருவிகள் திட்டாந்தம். ஆற்றில் உருண்ட கல்லும் இவ்வாறு உடையக்கூடுமாயின் அந்த ஏது போலியாகிவிடும். அந்த ஐயத்தை நீக்கும் வரை கூற்று நிலைபெறாது.

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமைகள். மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமைகள். கற்பித்ததைக் கற்பித்தவாறே திருப்பிச் சொல்லும் கிளியைப் பவணந்தியார் இடையிலேயே நிறுத்தினார். கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்தறியும் அன்னத்தைத் தலையில் வைத்தார். இன்றைய தேர்வுமுறையோ கிளிக்கே முதல் மதிப்பெண் வழங்குகிறது. வினாதலையும் வினாயவற்றிற்கு விடை கூறலையும் மாணாக்கரின் கடனாக அந்நூல் எண்ணுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பாடநூலில் சிந்தனையின் இடம்

2007–08 காலத்தில் நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி அறிமுகமானது. படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் தொகுத்தல், வகுப்பில் வழங்குதல், எழுதுதல் என்னும் படிநிலைகளை அது கொண்டது. ஆசிரியரின் தொடர்பேச்சைக் குறைத்து மாணவருக்குப் பேச்சுரிமை தந்தது அதன் பெரும் பேறு. எனினும் மனவரைபடத்தின் மையமும் கிளைகளும் பாடநூற் பத்தியிலிருந்தே எடுக்கப்பட்டன. பத்தி கூறுவது சரியா என வினவும் படிநிலை அதில் இல்லை. ஆகவே அது வாசிப்புத் திறனையும் தொகுத்தல் திறனையும் வளர்த்த அளவுக்குச் சான்றை எடைபோடும் திறனை வளர்க்கவில்லை.

2012–13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. பின்னர் 2018–19இலும் 2019–20இலும் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. வண்ணப்படம், விரைவுக் குறியீடு, இணையச் செயல்பாடு, ‘உங்களுக்குத் தெரியுமா’ பெட்டி, பாடத்தின் ஊடே செயல்பாடுகள் ஆகியவற்றால் இந்நூல்கள் முந்தையவற்றைவிடப் பெரிதும் மேம்பட்டவை. இதனை மறைத்தல் நேர்மையாகாது.

குறை வேறிடத்தில் உள்ளது. பாடத்தின் முடிவில் மதிப்பீட்டுப் பகுதி சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல், கோடிட்ட இடம், சரியா தவறா, பொருத்துக, ஒப்புமை, குறுவிடை, நெடுவிடை என்று வரிசையாகச் சென்று, பெரும்பாலும் கடைசியில் உயர்சிந்தனை வினாக்களை அடைகிறது. இவ்வரிசை ஒரு கருத்தை மறைமுகமாகக் கற்பிக்கிறது: முதலில் அறிந்துகொள், பிறகு நினைவில் வை, நேரம் எஞ்சினால் சிந்தி. 1956இல் புளூமும் அவர்தம் குழுவினரும் வகுத்த கல்வி நோக்கங்களின் படிவரிசையைக் காலவரிசையாகப் பிறழ உணர்ந்ததன் விளைவு இது. அறிதல் கீழ்ப்படியிலும் மதிப்பிடுதல் மேற்படியிலும் இருப்பதால் முன்னது முடிந்த பின்னரே பின்னது தொடங்கவேண்டும் என்பதில்லை. ‘வெப்பம்’ என்னும் பாடத்தைத் தொடங்கும் ஆறாம் வகுப்பு மாணவரிடம் சூடு, குளிர் பற்றிய கருத்துகள் ஏற்கெனவே உண்டு. கம்பளி தானே சூடு தருகிறது என்று அவர் நம்பக்கூடும். வெப்பமானியைக் கம்பளிக்குள் சுற்றிவைத்துப் பார்த்தால் அளவீடு உயராது. நம்பிக்கைக்கும் அளவீட்டுக்கும் இடையே எழும் அந்த முரணில்தான் பாடம் தொடங்கவேண்டும். மாணவர் முன்னறிவோடு வகுப்புக்கு வருவதை 1983இல் ரோசலிண்ட் டிரைவர் விரிவாக எடுத்துக்காட்டினார். பாடநூலோ பெரும்பாலும் வரையறையில் தொடங்குகிறது.

இரண்டாவது குறை கையேடுகளால் நேர்வது. உயர்சிந்தனை வினாவுக்கும் சந்தையில் அச்சிட்ட விடை கிடைக்கிறது. அவ்விடையை மனனம் செய்த மாணவர் அதனை எழுதும்போது அவர் சிந்தித்தாரா, நினைவுகூர்ந்தாரா என விடைத்தாள் காட்டாது. ஒரே வினா ஆண்டுதோறும் மாறாது இருக்குமாயின் அதன் உயர்சிந்தனைத் தன்மை முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. கூற்று–காரண வினாவும் இவ்வாறே. கூற்றும் காரணமும் தரப்பட்டு, இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்பது போன்ற தெரிவுகளுள் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறது. பக்கத்தையும் ஏதுவையும் பிரித்துக் காட்டும் இவ்வினாவகை மணிமேகலை காட்டும் அளவை நெறிக்கு மிக அருகில் நிற்கிறது. ஆயினும் ஏதுவைத் தேடும் வேலையைப் பாடநூலே செய்துவிடுவதால் மாணவருக்கு எஞ்சுவது குறியிடல் மட்டுமே.

2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான அரசுப் பள்ளி மாணவருக்குச் செய்முறை வழி அறிவியலும் கணிதமும் அளிக்கும் திட்டம். 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 700க்கும் மேற்பட்ட கருத்தாளர்கள் என அது திட்டமிடப்பட்டது. ஆய்வகம் இல்லாத பள்ளிக்குச் சோதனையைக் கொண்டுசென்றது அதன் சிறப்பு. ஆனால் ஒரு கருத்தாளருக்கு ஏறத்தாழ 18 பள்ளிகள் என்றால் ஒரு பள்ளிக்கு மாதத்திற்கு ஒன்றிரண்டு வருகைகளே இயலும். எஞ்சிய நாள்களில் அச்சோதனையின் வினாவைத் தொடர்ந்து எடுத்துச்செல்ல வகுப்பாசிரியருக்கு வழியில்லாவிடில் சோதனை ஒரு காட்சியாக முடியும். வியப்பு சிந்தனையின் தொடக்கமாகலாம், சிந்தனையே ஆகிவிடாது. சோதனைக்கு முன் ‘என்ன நிகழும், ஏன்’ என்று எழுதச்செய்து, நிகழ்ந்த பின் அவ்வெழுத்தோடு ஒப்பிடச் செய்தாலன்றிச் செய்முறையும் மனப்பாடத்தின் மற்றொரு வடிவமே.

புறநகரே ஆய்வகம்

மேற்கண்ட குறைகளைக் களைய விலையுயர்ந்த கருவிகள் வேண்டா என்பதைத் தாம்பரம் பகுதியிலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகளால் காட்டலாம்.

முதலாவது நிழல். நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. தாம்பரம் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்குச் சூரியன் உச்சிக்கு நேரே வருவது ஆண்டில் இரு நாள்களில் மட்டுமே. ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மற்றொன்று. முன்னது கல்வியாண்டின் முடிவில் வருகிறது. பின்னதோ பள்ளி நடைபெறும் காலத்தில் வருகிறது. ஜூன் இறுதியிலிருந்து வாரம் ஒருமுறை பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளந்து வந்தால், நிழல் தெற்கு நோக்கி விழுவதையும், வாரந்தோறும் குறுகி ஆகஸ்ட் நடுவில் மறைவதையும், பின்னர் வடக்கு நோக்கி நீள்வதையும் மாணவர் தம் கையால் எழுதிய அட்டவணையிலேயே காண்பர். மிகக் குறுகிய நிழல் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு விழாமல் சில நிமிடங்கள் கழித்து விழுவதையும் காண்பர். கடிகாரம் பிழையா, சூரியன் தாமதமா? இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கைக் கொண்டு கணிக்கப்படுகிறது என்னும் செய்தி அப்போதுதான் ஒரு விடையாகிறது. வினாவுக்கு முன்பே அதனைச் சொல்லியிருந்தால் மற்றுமொரு மனப்பாடச் செய்தியாகவே அது நின்றிருக்கும்.

இரண்டாவது தண்ணீர். கேன் தண்ணீரும் வீட்டு நீர்த்தூய்மிக் கருவியும் இப்புறநகரின் அன்றாடம். கருவி விற்பனையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஓர் உத்தி உண்டு. தூய்மிக்கப்பட்ட நீர் ஒரு குவளையிலும் குழாய்நீர் மற்றொன்றிலும் வைக்கப்பட்டு, இரும்பு முனைகள் கொண்ட மின்கருவி இரண்டிலும் செலுத்தப்படுகிறது. குழாய்நீர் பழுப்பாகிக் கசடு திரள்கிறது. மற்றது தெளிவாகவே நிற்கிறது. உங்கள் நீரில் இவ்வளவு அழுக்கு என்பது விற்பவரின் கூற்று. பக்கமும் ஏதுவும் கண்முன்னே அமைந்திருப்பதால் நம்பாதிருத்தல் அரிது.

ஏழாம் வகுப்பு மாணவர் இதனைச் சோதிக்க இயலும். வீட்டு மின்சாரத்தைத் தவிர்த்து, ஆசிரியரின் மேற்பார்வையில் காற்றோட்டமான இடத்தில், ஒரு 9 வோல்ட் மின்கலமும் இரண்டு இரும்பு ஆணிகளும் போதும். தூய்மித்த நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைக் கலந்து மீண்டும் ஆணிகளை வைத்தால் சில நிமிடங்களில் அந்நீரும் துருநிறம் கொள்கிறது. உப்பு அழுக்கன்று, அப்படியாயின் நிறம் எங்கிருந்து வந்தது? ஆணிக்குப் பதில் பென்சிலின் கரிக்கோல்களை வைத்து அதே உப்புநீரில் செய்தால் துருநிறம் தோன்றுவதில்லை. நிறம் ஆணியின் இரும்பிலிருந்து வந்தது. கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்த உதவின. தூய்மித்த நீர் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாமையால் தெளிவாக நின்றது. மாறிகளுள் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்தல் என்னும் அறிவியல் முறையின் உயிர்நாடியை இவ்விரு சோதனைகளும் உணர்த்திவிடுகின்றன. அறவண அடிகள் கூறிய ஏதுப்போலிக்கு இதனினும் தெளிவான நிகழ்கால எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

இதன் மறுபக்கமும் கற்பிக்கப்படவேண்டும். விற்பவர் காட்டிய சான்று போலி என்பதால் குழாய்நீர் தூயது என்றாகிவிடாது. கரைந்த திடப்பொருளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர்வளம் இல்லாவிடத்து 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியக் குடிநீர்த் தரநிலை கூறுகிறது. அவ்வளவைக் காட்டும் சிறு மானி நோய்க்கிருமிகளைக் காட்டாது. குறைந்த எண்ணைக் காட்டும் நீரும் தீங்கானதாக இருக்கலாம். ஒரு தவறான காரணம் தகர்ந்தவுடன் எதிர்முடிவுக்குத் தாவாதிருத்தல் திறனாய்வுச் சிந்தனையின் கடினமான கூறு. ஐயத்தைக் கற்பிப்பது எளிது. அளவான ஐயத்தைக் கற்பிப்பதற்கே ஆசிரியர் வேண்டும்.

மூன்றாவது வெள்ளம். 2015 டிசம்பர் 1ஆம் நாளை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவானது. இன்று நடுநிலை வகுப்பில் பயில்வோர் அப்போது கைக்குழந்தைகள் அல்லது பிறவாதவர்கள். ஆயினும் வீட்டில் அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். 2,400 சதுர அடி கொண்ட ஒரு மனையில் 49 செ.மீ. மழை பெய்தால் எவ்வளவு நீர்? ஏறத்தாழ 1,09,000 லிட்டர்; அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் ஒன்பது. ‘அளவீடுகள்’ பாடத்தின் கனஅளவு இங்கே உயிர்பெறுகிறது. கோடையில் ஒரு லாரிக்குக் காத்திருக்கும் வீட்டின் மனையில் ஒரே நாளில் ஒன்பது லாரி நீர் விழுந்தது என்பதை அறியும் மாணவர், அந்நீர் எங்கே போயிற்று என்று கேளாமல் இரார்.

வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்ற விளக்கம் பரவலானது. அவ்வேரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. வெள்ளத்தால் பெரிதும் பாதிக்கப்பட்ட முடிச்சூரும் வரதராஜபுரமும் அவ்விடத்துக்கு மேலே, ஆற்றின் முன்பகுதியில் உள்ளன. ஆகவே ஏரித் திறப்பு ஒன்றை மட்டும் கொண்டு அப்பகுதிகளின் வெள்ளத்தை விளக்க இயலாது. பெருமழை, மேற்பகுதி ஏரிகளின் உபரிநீர், ஆற்றின் குறுகல், தாழ்நிலக் குடியிருப்பு எனப் பல காரணங்களை அங்கே கருதவேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு ஏரித் திறப்பு எவ்வளவு காரணம் என்பது தனியே ஆராயவேண்டிய வினா. ஒரு வரைபடமும் நீரோட்டத் திசையைக் குறிக்கும் சில அம்புகளும் இருந்தால் எட்டாம் வகுப்பு மாணவர் இதனைத் தாமே கண்டறிவர். ஓர் ஊருக்குப் பொருந்தும் காரணம் மற்றோர் ஊருக்குப் பொருந்தாமற் போகலாம் என்பது அவர் பெறும் பாடம்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காது கூறவேண்டும். நிழலைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் எவர்க்கும் இடரில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் விற்பவர்க்கு இடர். பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை பல்லாவரம் பெரிய ஏரியைப் பிளந்து செல்வதையும், 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் குப்பைக் கிடங்கு வளர்ந்ததையும் கேட்டால் வினா நிருவாகத்தையும் குடியிருப்போரையும் தொடுகிறது. சில வேளை மாணவரின் வீட்டையே தொடுகிறது. சிந்திக்கச் சொல்லும் பாடநூல்கள் இவ்வெல்லையருகே பெரும்பாலும் பொதுமொழிக்குத் திரும்பிவிடுகின்றன. நீரைச் சேமிப்போம், மரம் நடுவோம் என்னும் அறிவுரைகள் சான்றைக் கேட்பதில்லை. ஆகவே எவரையும் தொடுவதுமில்லை.

கோசங்காபாத் தரும் பாடம்

நடுநிலைப் பள்ளி அறிவியலை முழுமையாக வினாவழியில் அமைத்த முயற்சி இந்தியாவில் நடந்திருக்கிறது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் கோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய அமைப்புகள் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழக, ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு அமர்ந்து உழைத்தனர். அத்திட்டம் பின்னர் மாவட்டம் முழுவதும் விரிந்தது; 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. ‘பால் வைக்ஞானிக்’ என்னும் அதன் பணிநூலில் முடிவுகள் எழுதப்படவில்லை. சோதனையும் வினாவும் இருந்தன; முடிவை மாணவரே தம் குறிப்பேட்டில் எழுதினர். தேர்வில் நூலையும் குறிப்பேட்டையும் திறந்து பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நூலைத் திறக்க உரிமை கிடைத்தபின் மனப்பாடத்தைச் சோதிக்கும் வினா பொருளற்றதாகிவிடும். எனவே வினா எழுதுவோரும் சிந்திக்கவேண்டியதாயிற்று.

முப்பது ஆண்டுகள் நடந்த இத்திட்டத்தை 2002இல் அம்மாநில அரசு நிறுத்தியது. அதன் வரலாறு இரு செய்திகளைக் கூறுகிறது. சாதாரண அரசுப் பள்ளிகளிலும், எளிய பொருள்களைக் கொண்டும், சிந்தனையை மையமாக்கிய அறிவியல் இயலும் என்பது ஒன்று. அது தேர்வையும் ஆசிரியர் ஆதரவையும் பாடநூலையும் ஒருசேர மாற்றியதால்தான் இயன்றது என்பது மற்றொன்று. தமிழ்நாட்டின் மாற்றங்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் தொட்டன. படைப்பாற்றல் கல்வி வகுப்பு நடைமுறையைத் தொட்டது. முப்பருவ முறை மதிப்பெண் பகுப்பைத் தொட்டது. 2018–19 நூல்கள் பாடப்பொருளைத் தொட்டன. வானவில் மன்றம் செய்முறையைத் தொட்டது. நான்கும் ஒரே வகுப்பறையில் ஒரே நேரத்தில் சந்தித்ததில்லை.

பள்ளிக்கு வெளியே தமிழகத்துக்கு வலுவான மரபு உண்டு. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழை வெளியிடுகிறது. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுள்ளோர் தம் ஊர்ச் சிக்கலைத் தாமே ஆய்ந்து கட்டுரை வழங்குகின்றனர். ஆனால் இவ்வாய்ப்பு ஒரு பள்ளியில் ஆர்வமுள்ள சில மாணவர்க்கே கிட்டுகிறது. சிலர்க்குச் சிறப்பு நிகழ்வாக அமைவதை எல்லார்க்கும் அன்றாட வகுப்பாக மாற்றுவதே எஞ்சிய பணி.

ஆசிரியரும் மதிப்பீடும்

இப்பணியின் சுமையை ஆசிரியர்மீது மட்டும் ஏற்றுதல் முறையன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியரையே குறைந்தபட்சமாகக் கோருகிறது. இரு பாடங்களையும் மூன்று வகுப்புகளுக்கும் நடத்தி, பதிவேடுகளையும் நிரப்பும் ஒருவரிடம் வாரந்தோறும் புதுச் சோதனையை எதிர்பார்ப்பது கொள்கையாளரின் வசதியான கனவு. ஆகவே முன்மொழிவுகள் அவருடைய நேரத்தைக் கூட்டாதனவாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, வினாவுக்குப் பின் காத்திருத்தல். ஆசிரியர் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார் என்றும், மூன்று நொடிக்குமேல் காத்திருந்தால் மாணவரின் விடை நீண்டு காரணங்களோடு அமைகிறது என்றும் மேரி பட் ரோ 1974இல் காட்டினார். இதற்குக் கருவியோ நிதியோ வேண்டா. இரண்டாவது, ‘சரி’, ‘தவறு’ என்பவற்றுக்கு முன் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டல். சரியான விடைக்கும் அதே வினாவைக் கேட்டல் இன்றியமையாதது. இல்லாவிடில் அவ்வினாவே தவறின் அடையாளமாகிவிடும். மூன்றாவது, வளரறி மதிப்பீட்டின் ஒரு பகுதியைத் திறந்த நூல் வினாவுக்கு ஒதுக்குதல். அவ்வினா அவ்வூர்த் தரவைக் கொண்டதாக இருப்பின் கையேட்டு விடை பயன்படாது. தாம்பரத்துப் பள்ளியின் நிழல் அட்டவணைக்கு விடை அச்சிட எந்தப் பதிப்பகத்தாலும் இயலாது.

மாணவரின் வினாவுக்கும் மதிப்பெண் உண்டு என்னும் நிலை வருமாயின் அது நான்காவது சீர்திருத்தம். விடைக்கு மட்டுமே பரிசளிக்கும் வகுப்பில் கேள்வி கேட்பவர் நேரத்தை வீணாக்குபவராகவே தோன்றுவார்.

முடிவுரை

தமிழ்நாட்டின் நடுநிலைப் பள்ளி அறிவியல் சிந்தனையை மறுக்கவில்லை; அதற்குப் பாடத்தின் கடைசியில் இடம் தந்திருக்கிறது. அக்கடைசி இடத்தைப் பெரும்பாலும் நேரமின்மையும் கையேடும் எடுத்துக்கொள்கின்றன. சிந்தனை தனி வினாவகையாக நில்லாமல், ஒவ்வொரு கூற்றும் அதன் ஏதுவோடு சேர்த்தே கற்பிக்கப்படும் முறையாக மாறவேண்டும். அம்மாற்றம் நூல், வகுப்பு, தேர்வு, ஆசிரியர் ஆதரவு ஆகிய நான்கையும் ஒருங்கே தொட்டாலன்றி நிலைக்காது என்பதைக் கோசங்காபாத்தின் முப்பது ஆண்டுகள் காட்டுகின்றன.

தாம்பரம் பகுதியின் மாணவர் இன்னும் சில ஆண்டுகளில் எந்த நீரைக் குடிப்பது, எந்த மனையை வாங்குவது, எந்தச் செய்தியை நம்புவது என்று முடிவெடுக்கும் குடிமக்கள். அடையாறு மீண்டும் பெருகும் நாளில் அவர்களுக்கு உதவப்போவது கோடிட்ட இடத்தை நிரப்பிய நினைவாற்றலன்று. பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லை வினாவாக மாற்றிய பார்வை அவ்வூர்ப் பள்ளியின் அன்றாடப் பார்வையாவதே இக்கல்வியின் வெற்றிக்கு உரைகல்லாகும்.